உப்பில்லாத மூட்டை

உயிரோடு இருக்கிறவள்மேல் பொறாமைப்பட்டால் அதற்கு ஒரு வழி உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். செத்துப்போனவளை என்ன செய்வது? பெரியகல்லாற்றுக் கேதீஸ்வரிக்கு வாய்த்தது அப்படியொரு பொறாமை. அவளுடைய கணவன் உதயரூபனின் முதல் மனைவி நிருஷா. 2004 மார்கழியில் கடல் வந்த அன்றைக்குக் கடலோடு போனவள்.

அந்தப் பக்கத்தில் கலியாணம் என்றால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடும் வளவும் பெண்ணுடையது. இரண்டு வருடம் முகாமிலும் கொட்டிலிலும் கிடந்த உதயரூபன், கேதீஸ்வரியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு கடைப் பை மட்டும்தான் இருந்தது. உடுக்க இரண்டு சாரம், நிவாரணத்தில் கொடுத்த ஒரு துவாய். கேதீஸ்வரியின் வீடு வாவிப் பக்கம். கடல் அங்கே வந்து முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பியிருந்தது. முப்பத்திரண்டு வயது வரைக்கும் வீடு இருந்தும் மாப்பிள்ளை கிடைக்காமல் இருந்தவள் அந்தப் பையை வாங்கிப் பார்த்தாள். நிருஷாவின் பொருளென்று ஒரு கரண்டி கூட இல்லை. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் அவன் நாக்கை அவளால் சோதித்துப் பார்க்க முடியவில்லை. நிருஷாவின் கைப்பக்குவம் அந்த நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவள் நம்பினாள். மீன் குழம்பு வைத்து, தட்டுக்கு முன்னால் இருந்து, "நல்லாரிக்கா?" என்று கேட்பாள். "ம்" என்பான். ஆட்டிறைச்சி சமைத்தாலும் "ம்" தான், கஞ்சி ஊற்றினாலும் "ம்" தான். நல்ல மனிதன், வாய் பேசாத மனிதன். நாலு வருடமாக அந்த "ம்"முக்குள் யார் இருக்கிறாள் என்று யோசித்து யோசித்தே கேதீஸ்வரி மெலிந்துபோனாள்.

2010 ஆனி மாதம் ஒரு பின்னேரம், வேல் தூக்கும் வினாயகமூர்த்தி வீடு தேடி வந்தார். சண்டை முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. கதிர்காம முருகன் கோயிலுக்குக் காட்டு வழியாக மறுபடி நடக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. உதயரூபனும் சேர்ந்த அவருடைய கூட்டம் கடைசியாக நடந்தது கடல் வருவதற்கு ஐந்து மாதம் முன்னால். ஊரூராக நடந்து உகந்தை போய்ச் சேரும்வரைக்கும் சாப்பாட்டுக்குக் கவலையில்லை, வழியில் சனம் கூப்பிட்டுப் போடும். உகந்தைக்கு அப்பால் ஐந்து நாள் வெறுங்காடு. கடையில்லை, வீடில்லை. தலையில் சுமந்து போவதுதான் சாப்பாடு, அந்தச் சுமையும் லேசாக இருக்க வேண்டும்.

"தங்கச்சி, காட்டுச் சாப்பாடு இந்த முறை உங்கட பொறுப்பு," என்றார் வினாயகமூர்த்தி. "பதினொரு பேர், அஞ்சு நாள். முந்தி நிருஷாதான் காயவெச்சுத் தருவா. தலையில இருக்கிறதே தெரியாது. தண்ணிய விட்டு ஒரு கொதி வந்தாச் சட்டி நிறைஞ்சிரும். அந்தப் பக்குவத்தில செஞ்சு தாங்க, போதும்."

அந்தப் பக்குவத்தில என்ற சொல் மீன் முள்ளாகத் தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகு வந்த 'போதும்' அதைவிட மோசம். அவளைவிட நன்றாகச் செய் என்று சொல்லவில்லை பார், அவளளவுக்கு வந்தால் போதுமாம்.

"செய்யிறன் அண்ணன்," என்றாள். "பதினொரு பேர் எண்டு கணக்குப் பாக்காதீங்க, பன்னிரண்டாப் போடுங்க. நானும் வாறன்."

வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த உதயரூபன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. கேதீஸ்வரிக்கு முருகன்மேல் பக்தி இல்லாமலில்லை. ஆனால் அவள் போவதற்குக் காரணம் வேறு. காட்டுக்குள்ளே, நிருஷாவின் சோற்றைத் தின்ற அதே இடத்தில், தன் சோற்றைத் தின்கிறபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுடையதைவிட இது நல்லாயிருக்கு என்று ஒரேயொரு தரம் அவன் வாயால் கேட்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் மிச்சக் காலத்தை "ம்"மோடு ஓட்டிவிடலாம்.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. சோற்றை வடித்து ஆறவைத்துப் பாயில் உதிர்த்துக் காயப்போட்டாள். பருப்பை அவித்து மசித்து மெல்லிசாகப் பரப்பினாள். பூசணி, கத்தரி, பாவற்காய் எல்லாவற்றையும் அரிந்து முற்றம் முழுக்க விரித்தாள். ஒரு சாக்குப் பூசணிக்காய் காய்ந்து ஒரு சுளகுக்குள் அடங்கியது. முருங்கையிலையை நிழலில் காயவைத்துக் கசக்கினாள். காகத்தையும் கோழியையும் விரட்டிக்கொண்டு காலையிலிருந்து பொழுதுபடும்வரை வெயிலோடு நகர்ந்தாள். நேர்த்திக்கடனுக்குச் செய்கிற சாப்பாடு. சாமிக்குப் படைக்கும் முன்னால் சமைக்கிறவள் ஒரு பருக்கை வாயில் வைக்கக் கூடாது. எல்லாம் கைக்கணக்குத்தான்.

மூன்றாம் நாள் உதயரூபன் வெளியிலிருந்து வந்து, பாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமி ஒண்டு சொல்லிவிட்டவ," என்றான். "உப்புப் போடாமக் காயப்போடட்டாம். உப்பத் தனியா ஒரு முடிச்சில கட்டிக் கொண்டுபோனாக் காணுமாம்."

மாமி என்றால் இலட்சுமிப்பிள்ளை, நிருஷாவின் தாய். கரடியனாற்றுக்காரி. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் இடம்பெயர்ந்து கல்லாற்றுக் கடற்கரையில் வீடு கட்டி, அந்த வீட்டையும் மகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இப்போது சுனாமி வீட்டுத்திட்டத்தில் தனியாக இருக்கிறாள். உதயரூபன் கிழமைக்கொரு தரம் அவளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பான். கேதீஸ்வரி அதைத் தடுத்ததில்லை. ஆனால் அவளை மாமி என்று ஒரு நாளும் கூப்பிட்டதுமில்லை. 'அந்த மனுசி' என்பாள்.

"உப்பில்லாச் சோறு ஆக்கினவள் எண்டு ஊர் சிரிக்கட்டும் எண்டா அந்த மனுசி சொல்லிவிட்டது?" என்றாள். "கல்லாத்தில பிறந்தவளுக்குக் காயப்போட ஆரும் படிப்பிக்கத் தேவல்ல."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயத்துக்குள்தான் பிழையும் இருந்தது. கேதீஸ்வரி கருவாட்டுக் குடும்பம். நடக்கப் பழகிய காலத்திலிருந்து மீனைக் கீறி உப்புத் தேய்த்து வெயிலில் போட்டவள். காயப்போடுவதென்றால் முதலில் உப்பு, பிறகுதான் வெயில். உப்பில்லாமல் காய்ந்தது எதுவும் அவள் கணக்கில் அழுகப்போகிற பொருள். கரடியனாற்று வயல்காரர்கள் காய்கறியை மெல்லிசாக அரிந்து வெறும் வெயிலில் போட்டு எடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், நிருஷாவின் தாய் சொன்ன காரணத்துக்காகவே செய்திருக்கமாட்டாள். அன்றைக்குப் பூசணிக்கும் பாவற்காய்க்கும் சூரை மீனுக்குத் தேய்ப்பதுபோல் கைநிறைய உப்புத் தேய்த்தாள். பருப்பு பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அதற்கும் தாராளமாகப் போட்டாள்.

நிருஷா சோறு, பருப்பு, காய்கறி என்று தனித்தனியாக முடிச்சுக் கட்டுவாளாம். கேதீஸ்வரி அதையும் மாற்றினாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வறுத்த மிளகாயும் மல்லியும் சீரகமும் சேர்த்து, ஒரு நேரத்துக்கு ஒரு பை என்று பத்துப் பை கட்டினாள். காத்தான்குடியில் பதியுதீன் கடையில் தடித்த பொலித்தீன் பை வாங்கிவந்து, வாயை மடித்து மெழுகுதிரிச் சுடரில் ஒட்டினாள். பத்துப் பையையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. இதற்குப் பிறகு நிருஷா என்ற பெயரைக் கூட்டத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நடை தொடங்கியதும் எல்லோரும் எல்லோருக்கும் சாமிதான். கட்டின கணவனையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கோபம் கூடாது, கடுஞ்சொல் கூடாது. உகந்தைக்குப் போய்ச் சேரும்வரை கேதீஸ்வரிக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. காட்டுக்குள் போகும் வாசலில் ஆமிக்காரர்கள் பெயர் பதிந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தார்கள். உதயரூபனின் மூட்டையில் அவள் கட்டிய பொலித்தீன் பைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. மங்கிப்போன நீலத்துணி, வாயோரத்தில் சிவப்பு நூல் தையல். ஐந்து கொத்து அரிசி கொள்ளும். அது கேதீஸ்வரியின் பை இல்லை.

"என்ன?" என்று சிப்பாய் கேட்டான்.

"சாப்பாடு," என்றான் உதயரூபன்.

சிப்பாய் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். கேதீஸ்வரி போகவில்லை.

"சாமி, அது ஆர்ட பை?"

"மாமி தந்துவிட்டவ. தேவையெண்டா மட்டும் எடுங்க எண்டா. வேணாமெண்டு சொல்ல ஏலாமப் போச்சு."

"நான் கேட்டது பைய."

அவன் பையின் வாயை இறுக்கிக் கட்டினான். பிறகுதான் சொன்னான். "நிருஷா தைச்சது. கடல் வந்த அண்டைக்கு மாமி இதில அரிசி கொண்டு கரடியனாத்துக்குத் தங்கச்சி வீட்ட போயிருந்தவ. அதால தப்பின பை."

நிருஷாவின் கைபட்ட பொருளென்று இந்த உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதை இவன் கல்லாற்றிலிருந்து இத்தனை நாளாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் பக்கத்திலேயே நடந்துகொண்டு! கோபம் கூடாது என்ற நேர்த்தியை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த வாய்க்குள்ளேயே ஒரு சத்தியமும் செய்துகொண்டாள்: இந்தக் காட்டைவிட்டு வெளியே போகும்வரை அந்தப் பை அவிழக் கூடாது.

முதல் நாள் பொழுதுபடக் கும்புக்கன் ஆற்றங்கரையில் தங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது. கல்லடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்ததும் ஒரு பையை வெட்டிக் கொட்டினாள். மூடி வைத்துக் கொஞ்ச நேரம் போனதும் சட்டி பொங்கி நிறைந்தது. மல்லி, சீரகம், முருங்கையிலை எல்லாம் ஒன்றாக மணத்தது. வேலுக்கு முன்னால் படைத்தார்கள், அரோகரா சொன்னார்கள். கேதீஸ்வரியே ஒவ்வோர் இலைக்கும் பரிமாறிவிட்டு, உதயரூபனின் முகம் தெரிகிற மாதிரி ஒரு மரவேரில் இருந்துகொண்டாள்.

முதல் கவளம் வைத்தான். மென்றான். விழுங்கினான். முகத்தில் ஒன்றுமில்லை. இலையைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "சாமி, இன்னும் கொஞ்சம்," என்று நீட்டினான். நாலு வருடத்தில் அவன் இரண்டாம் தரம் கேட்டது அதுதான் முதல் தடவை. கேதீஸ்வரிக்கு உச்சி குளிர்ந்தது. நிருஷாவின் பை மூட்டையில் கிடக்கட்டும், பூச்சி பிடிக்கட்டும்.

பிறகு தன் இலையில் போட்டு வாயில் வைத்தாள். கருவாட்டு உப்பு. நாக்கு சுருண்டது. சுற்றிப் பார்த்தாள். சாமிக்குப் படைத்த சோற்றில் குறை சொல்லக் கூடாது, யாரும் சொல்லவில்லை. பதினொரு பேரும் தலையைக் குனிந்து தின்று முடித்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து ஆற்றுக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போனார்கள். வினாயகமூர்த்தி மூன்று தரம் போனதை அவள் எண்ணினாள். உதயரூபன் இரண்டாம் தரம் கேட்டது ஆசையிலா, தன்னைக் காப்பாற்றவா என்று யோசித்தபோது குளிர்ந்த உச்சி திரும்பவும் கொதித்தது.

அப்போதே அந்தப் பையைக் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. காலையில் இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுக் கஞ்சியாக்கினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உப்பு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் விடியுமுன்பே ஆற்றைத் தாண்டி நடந்து, வழியில்தான் அடுப்பு மூட்டினார்கள்; குடிக்கவென்று ஆற்றில் நிறைத்து வந்த தண்ணீர்க் கான்களில் பாதி அந்தக் கஞ்சிக்குப் போனது.

ஆற்றைத் தாண்டினால் அடுத்த தண்ணீர் ஒரு குளம். மத்தியானம் அங்கே போய்ப் பார்த்தபோது குளம் வற்றி, ஆனைகள் மிதித்துக் கலக்கிய சேறுதான் கிடந்தது. வரும் வழியிலேயே கான்கள் காலியாகிவிட்டன. உப்புத் தின்ற வாய் சும்மா இருக்குமா? வினாயகமூர்த்தி தன்னுடைய பங்குத் தண்ணீரைக் காலையிலேயே வேறொருவருக்குக் கொடுத்திருந்தார், அது யாருக்கும் தெரியாது. பாலை மரத்தடியில் வேலாயுதத்தை மடியில் வைத்துக்கொண்டு குந்தியவர் எழும்பவில்லை. உதடு வெடித்திருந்தது.

"ஒண்டுமில்ல. கொஞ்சம் இருந்திட்டு நடப்பம்," என்றார். குரல் வெளியே வரவில்லை.

ஆண்கள் சேற்றில் குழி தோண்டினார்கள். ஊறி வந்த தண்ணீரைச் சாரத்தால் வடித்து எடுத்ததில், எல்லோருக்கும் இரண்டு மிடறும், சமையலுக்கு ஒரு சட்டியும் தேறியது. இன்னும் மூன்று நாள் நடை. மிச்சம் எட்டுப் பை, அத்தனையும் கருவாட்டு உப்பு. கேதீஸ்வரி ஒரு பையைக் கையில் எடுத்து, வெட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டினால் எல்லோருக்கும் இன்னும் நா தவிக்கும். வெட்டாவிட்டால் பசி. மூன்றாவது வழி உதயரூபனின் தலைமூட்டைக்குள் இருந்தது. அவன் அதைத் தானாக எடுக்கவில்லை. அவள் சொல்லாமல் எடுக்கமாட்டான் என்பதும் அவளுக்கு விளங்கியது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. மரத்தடியில் வினாயகமூர்த்தி நாக்கால் உதட்டை நனைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையத் தாங்க," என்றாள்.

"எந்தப் பை?"

"மாமி தந்த பை."

சொல்லிவிட்ட பிறகுதான் மாமி என்று சொன்னது தெரிந்தது. உதயரூபன் மூட்டையை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தான். சிவப்புத் தையல் நெருக்கமாக, ஒரே அளவில், நூல் பிசகாமல் இருந்தது. நல்ல கைக்காரி. படைக்கும் முன்னால் கூடாது என்று தெரிந்தும், கேதீஸ்வரி கையை விட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். உப்பில்லை. ஆனால் பூசணி இனித்தது, பருப்பில் வறுத்த மணம் இருந்தது. குறை சொல்லலாம் என்று தேடினாள், கிடைக்கவில்லை. தாய்க்கு இந்தக் கையென்றால் மகளுக்கும் இதே கைதான் இருந்திருக்கும்.

தன் பையில் பாதியோடு நீலப் பையிலிருந்தும் அதே அளவு எடுத்துக் கலந்து சட்டியில் போட்டாள். கொதிக்கும்வரை அடுப்புக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். உதயரூபன் சுள்ளி ஒடித்துப் போடுகிற சாட்டில் வந்து பக்கத்தில் இருந்தான். கொஞ்ச நேரம் ஒடித்தான். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"கேதீஸ், ஒண்டு சொல்லவா? அவட சாப்பாட்டில ஒரு நாளும் ருசி இருக்கல்ல. வைக்கோலச் சப்பின மாதிரித்தான். உன்ட கைதான் கை."

நாலு வருடம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தாள். காதில் விழுந்த நேரத்தில் தேனாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வாயில் அந்தப் பூசணியின் இனிப்பு இன்னும் இருந்தது. பொய் சொல்கிறான். உயிரோடு இருக்கிறவளின் மனம் நோகக் கூடாது என்று, செத்தவளின் கையைக் குறை சொல்கிறான். நாளைக்குத் தானும் செத்துப்போனால், வருகிறவளின் அடுப்புக்குப் பக்கத்தில் இதேபோலக் குந்தியிருந்து, இதே குரலில், "கேதீஸ்ட சோறு வாயில வைக்க ஏலாது, ஒரே உப்பு" என்று சொல்லுவான். அது பொய்யாகக்கூட இருக்காது.

"அப்பிடிச் சொல்லாதீங்க," என்றாள்.

"உண்மையத்தான் சொல்லுறன்."

"உண்மையில்ல. நான் திண்டு பாத்திட்டன். அவ நல்லாத்தான் செஞ்சிருப்பா. இன்னொருக்கா அவவக் குறை சொன்னீங்களெண்டா, எனக்குச் சாமியுமில்ல நேத்தியுமில்ல."

உதயரூபன் அவளைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம். நாலு வருடத்தில் நிருஷாவைப் பற்றி அவள் அவனிடம் நல்லதாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ம்," என்றான். அந்த "ம்"முக்குள் யார் இருக்கிறாள் என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்கு யோசிப்பது?

படைத்துச் சாப்பிட்டார்கள். உப்பு அளவாக இருந்தது. வினாயகமூர்த்திக்கு அவளே ஊட்டாத குறையாகப் பக்கத்தில் இருந்து கொடுத்தாள். பாதி இலை முடிந்ததும் அவருக்குக் குரல் வந்தது.

"நிருஷாட பக்குவம் வந்திட்டுது சாமி," என்றார்.

கேதீஸ்வரிக்குப் பொறாமை மூண்டது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும், "ஓம் சாமி, அவடதும் கலந்திருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் இலையில் இன்னொரு அகப்பை போட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் மூட்டைகளைக் கட்டினார்கள். உதயரூபன் நீலப் பையை எடுக்கக் கை நீட்டினான். கேதீஸ்வரி அதை முந்தி எடுத்து, தலையில் சும்மாடு சுற்றி, அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"பாரமாயிருக்கும், தா," என்றான்.

"இருக்கட்டும்," என்றாள். "இவ்வளவு நாளும் நீங்க அவவச் சுமந்தது காணும்."

கதிர்காமம் போய்ச் சேரும்வரை அந்தப் பையை அவள் அவன் தலைக்கு விடவில்லை.